பலகை மேல் நின்ற வண்டி

மதியப் படகின் முதல் சங்கு ஊதி அடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர், கிர்ர். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் கிர்ர், கிர்ர், கிர்ர்.

படகுத்துறையை ஒட்டிய தகரக் கடைக்குள் லாரி ஹாரன் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் டெஸ்டர் அக்கா. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "செல்ஃப் நல்லா எடுக்குது. பேட்டரி மேல குத்தமில்ல. வண்டிதான் பிடிக்க மாட்டேங்குது."

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. வண்டிகளோடு தனியாகப் பேசுவது அவள் பழக்கம். இன்னொரு பழக்கம், கரண்ட் பார்க்கும் டெஸ்டரைக் கொண்டையில் செருகி வைத்துக்கொள்வது. கருப்புப் பிடி, நுனியில் ஊசி, நடுவில் சின்ன பல்பு, பின்னால் வால்போலத் தொங்கும் ஒயர். குளிக்கும்போது மட்டும்தான் அது தலையை விட்டு இறங்கும் என்று துறையில் சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அவளைத் தேடி வந்தால் யாருக்கும் தெரியாது.

பிறந்த வீட்டில் அவளுடைய அண்ணன் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். மற்ற பெண் குழந்தைகள் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு திரிந்த வயதில் இவள் ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்தது இந்தத் துறைக்கு. கணவர் வண்டிப் படகின் பலகைக்காரர். கரைக்கும் படகுக்கும் நடுவே கிடக்கும் இரும்புப் பலகையை இறக்குவதும் தூக்குவதும், எந்த வண்டி முன்னால், எந்த வண்டி பின்னால் என்று பார்த்து ஏற்றுவதும் அவர் வேலை. உப்புக்காற்று செம்பைத் தின்கிற இடம் அது. வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஏதாவது ஒன்று தினமும் மக்கர் பண்ணும். வந்த புதிதில் வேடிக்கை பார்த்தாள், பிறகு கை வைத்தாள், அப்புறம் கடை போட்டாள்.

ஆனால் படகு மட்டும் ஏற மாட்டாள். புதுப்பெண்ணாக இருந்தபோது கணவர் ஆசையாகக் கூட்டிப் போய்ப் படகில் நிறுத்தினார். படகு அப்போது கரையில் கட்டிக் கிடந்தது. அப்படியும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. "கட்டிப் போட்ட படகுலயே வாந்தி எடுத்தவ" என்ற பட்டம் அன்றைக்கு ஒட்டியதுதான். அக்கரையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கிர்ர், கிர்ர், கிர்ர்.

"ஐயோ, போதும் விடுப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தன.

வரிசையின் தலையில், பலகைக்குச் சற்று முன்னால் நின்றது வண்டி. வெளுத்த நீல நிறத்தில் பழைய கார். பழசானாலும் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். உள்ளே வேர்த்துக் கொட்ட சாவியைத் திருகிக்கொண்டிருந்த ஆளின் விரல்களில் வார்னிஷ் கறை. தச்சர் என்று பார்த்ததும் தெரிந்தது. பக்கத்து ஸீட்டில் அவர் மனைவி, பஸ் கண்டக்டர். இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் அந்த அம்மாவின் குரல் தெரியும்.

"சாவியை விடுங்கண்ணே" என்றாள் டெஸ்டர் அக்கா. "நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க. உங்க கோவத்துக்குத் தீனி போடவா பேட்டரி?"

தச்சர் கையை எடுத்துக்கொண்டார். அவள் எந்த வண்டிக்கும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியா இந்த வண்டியில யாரு கை வச்சது?"

"யாரும் கை வைக்கலக்கா. பானெட்டைத் திறந்தே எத்தனையோ மாசமாச்சு."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அப்ப பேய்தான் வச்சிருக்கு."

"பேயோ பிசாசோ, ஓட்டி விடுங்கக்கா" என்றார் கண்டக்டர். பஸ்ஸின் கடைசி ஸீட்டுக்கும் கேட்கிற குரல் அது. துறை முழுக்கக் கேட்டது. "இந்தப் படகை விட்டா எங்களுக்குக் குழந்தை இல்ல."

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

விஷயம் இதுதான். அக்கரையில், உள்ளே தள்ளி, ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இவர்களுக்கென்று முடிவாகிக் காத்திருக்கிறது. இல்லத்தை மூடுகிறார்கள். இன்று மாலைக்குள் யாரும் வந்து அழைத்துப் போகாத குழந்தைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றித் தூரத்து ஊர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. புது அதிகாரி, புது விசாரணை, இவர்களைவிடப் பொருத்தமான வேறு யாராவது.

"நடந்து படகுல ஏறிப் போயிடலாமே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அந்தப் பக்கம் பஸ் காலைப் படகுக்கு மட்டும்தான்" என்று கண்டக்டர் அவரை ஒரே வெட்டாக வெட்டினார். "டாக்ஸியும் கிடையாது. குழந்தை ஸீட்டு மாட்டின கார்ல வந்தாத்தான் குழந்தையைக் கையில தருவாங்க. எல்லாம் யோசிச்சாச்சு, நகருங்க."

பின் ஸீட்டில் அது இருந்தது. சாம்பல் நிறக் குழந்தை ஸீட். அதில் ஒரு துணி முயல்.

டெஸ்டர் அக்கா டேஷ்போர்டைப் பார்த்தாள். "சாவியை லேசாத் திருப்புங்க. செல்ஃப் அடிக்க வேண்டாம்." விளக்குகள் எரிந்தன. சாவி படம் போட்ட விளக்கு எரிந்து அணைந்தது. வண்டி சாவியை அடையாளம் கண்டுகொண்டது, அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பின்பக்கம் ஓடிப்போய், பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தாள். "இன்னொரு தடவை திருப்புங்க."

சாவி திரும்பியதும் உள்ளே பெட்ரோல் பம்ப் ஒரு மூச்சு முனகி நிற்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கிணற்றில் காது வைத்ததுபோல் இருந்தது.

"பம்புக்குக் கரண்ட் போகல." டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நடுக்கம்பி கருகி அறுந்திருந்தது.

இந்த இடத்தில் அவள் வழக்கமாக நிற்பாள். ஃபியூஸ் சும்மா போகாது. எங்கேயோ அடி வாங்கித்தான் போகும். அடித்தது யார் என்று பார்க்காமல் புதுசு மாட்டுவது தப்பு. மற்ற ஓட்டுநர்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் பலகைமேல் நின்று கணவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். லாரிகள் உறுமின. பழைய வண்டி, பழைய ஃபியூஸ், உப்புக்காற்று. இருக்கலாம் என்று நினைத்துப் புதுசைச் செருகினாள்.

"அடிங்க."

கிர்ர், கிர்... எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. கண்டக்டர் ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். இரண்டாவது சங்கு ஊதியது. வண்டி நகர்ந்தது. முன்சக்கரங்கள் பலகையின் விளிம்பில் 'தடக்' என்று ஏறின.

எஞ்சின் செத்தது.

இம்முறை வரிசையில்கூட இல்லை. பாதி உடம்பு பலகையில், பாதி கரையில். இனி ஒரு சைக்கிள்கூட அதைத் தாண்டிப் போக முடியாது.

பலகைக்காரர் இறங்கி வந்தார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். இப்போது மிகவும் தாழ்ந்திருந்தது.

"இப்பதானே சரி பண்ண?"

"நான் சரி பண்ணல. ஃபியூஸ்தான் மாத்தினேன்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் அப்புறம் சொல்லிக்கொடு. தண்ணி இறங்குது, தெரியுதா? இன்னும் இறங்கினா பலகை செங்குத்தா நிக்கும். சிமெண்ட் லோடை அதுல ஏத்தினா லாரி பிரேக்குக்கு நிக்காம படகுக்குள்ள உருளும். மூணாவது சங்குக்குப் பலகை காலியா இருக்கணும்."

"இருக்கும். நீங்க கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

அவர் நகர்ந்து நின்றார். வீட்டிலும் அவர் அப்படித்தான். திட்டிக்கொண்டே சொன்னதைச் செய்வார்.

இரண்டாவது ஃபியூஸும் கருகியிருந்தது. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. டப்பாவில் அந்த அளவில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஒற்றைப் பிள்ளைபோல அது மூலையில் கிடந்தது.

சிமெண்ட் லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், பொறுமை மட்டும் கிடையாது. "எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஃபியூஸ் இருக்கிற இடத்துல தடியா ஒரு ஒயரைச் சுத்திப் போடுங்க. ஓடும். நான் எத்தனை தடவை போட்டிருக்கேன்."

"ஓடும்" என்றாள் அவள், நிமிராமல். "போட்டா இப்பவே ஓடும்."

"அப்புறம் என்ன?" என்று தச்சர் துடித்தார். "போடுங்கக்கா. இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு வண்டியை உங்ககிட்டயே கொண்டு வந்து விடுறேன்."

கண்டக்டரின் முகமும் அதைத்தான் கேட்டது.

டெஸ்டர் அக்காவுக்கும் கை அரித்தது. ஒரு துண்டு ஒயர். ஒரு நிமிட வேலை. எல்லோரும் வாழ்த்துவார்கள். கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி, அதன் நுனியால் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"இந்த ஒயர் இங்கேருந்து கதவு ஓரமாப் போய், பின் ஸீட்டுக்கு அடியில பூந்து, பெட்ரோல் டேங்குக்குப் போகுது. நடுவுல எங்கேயோ தோல் கிழிஞ்சு பாடியைத் தொடுது. ஃபியூஸ் அறுந்து போறதாலதான் ஒயர் தப்பிச்சுது. தடி ஒயரைப் போட்டா, ஃபியூஸுக்குப் பதிலா அது எரியும். எந்த ஸீட்டுக்கு அடியில எரியும்னு பாத்துக்குங்க."

மூவரும் பின் ஸீட்டைப் பார்த்தார்கள். துணி முயல் அவர்களைப் பார்த்தது.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று லாரிக்காரர் பின்வாங்கினார்.

அவள் வேலையில் இறங்கினாள். பம்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் நிற்காமல் போக அந்த ஓட்டைகளில் ஒரு சின்ன ஒயரால் பாலம் போட்டாள். ஃபியூஸ் இருந்த இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு மாட்டினாள். பல்பு பளீரென்று எரிந்தது.

"இது எதுக்குக்கா?" என்றார் கண்டக்டர்.

"எத்தனை ஃபியூஸைத்தான் பலி கொடுக்கிறது? பல்பு கருகாது. கரண்ட் நேரா பாடிக்கு ஓடுற வரைக்கும் இப்படியே பளீர்னு எரியும். நான் ஒயரை ஒவ்வொரு இடமா ஆட்டிக்கிட்டே வர்றேன். எந்த இடத்தை ஆட்டும்போது மங்குதோ, அங்கதான் திருடன்."

பல்பை டேஷ்போர்டுமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயர்க் கற்றையைக் குலுக்கினாள். பளீர். கதவோரத்து பிளாஸ்டிக் பட்டியை நெம்பி எடுத்து ஒயரை விரலால் தடவி, இழுத்து, அழுத்தினாள். பளீர். நடுத்தூண் அருகே ஒரு வளைவு; பெரும்பாலும் அங்கேதான் உரசும். நம்பிக்கையோடு குலுக்கினாள். பல்பு அசையவில்லை. பின்பக்கம் தண்ணீர் சளசளத்தது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்து 'ப்ச்' என்றார்கள். அவள் கழுத்தில் வேர்வை ஓடியது.

தச்சர் நிற்க மாட்டாமல் நின்றார். ஒருவேளை படகு போய்விட்டால் முயலையாவது வெயிலில் விடக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, பின்கதவைத் திறந்து, குழந்தை ஸீட்டில் கையை ஊன்றி, முயலை எடுக்க எட்டினார்.

பல்பு மங்கியது. பின்னால் எங்கேயோ பம்ப் மெல்ல முனகியது. உடனே பளீர்.

டெஸ்டர் அக்கா ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாரு அது? அசையாதீங்க."

"நான்தான்கா. பொம்மையை எடுத்தேன்."

"என்ன செஞ்சீங்களோ அதையே மறுபடி செய்யுங்க. ஸீட்டை அழுத்துங்க."

அழுத்தினார். மங்கியது. கையை எடுத்தார். பளீர்.

"அண்ணே, இந்தக் குழந்தை ஸீட்டை எப்படி மாட்டினீங்க?"

தச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "அடியில... ஒரு மரச்சட்டம் செஞ்சு வச்சேன். அது மேல ஸீட்டு."

"சட்டத்தை?"

"ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். மெத்தை வழியாக் கீழே தகரம் வரைக்கும். நாலு பக்கமும். நீளமான ஸ்க்ரூ."

"அதுக்குத்தானே பெல்ட் கொடுத்திருக்கான்!" என்றார் கண்டக்டர்.

"பெல்ட்டு துணிதானே" என்று தச்சர் பரிதாபமாகச் சொன்னார். "போன தடவை அந்த இல்லத்து மேடம் ஸீட்டை ஆட்டிப் பாத்துட்டு, லூஸா இருக்கேன்னு முகத்தைச் சுளிச்சாங்க இல்ல? ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. நான் மாட்டினது எதுவும் இதுவரைக்கும் ஆடினதில்ல. இது ஆடலாமா?"

"கை வைக்கலன்னு சொன்னீங்களே" என்றாள் டெஸ்டர் அக்கா.

"வண்டியில கை வைக்கலக்கா. ஸீட்டுலதான் வச்சேன்."

மரம் என்றால் திருகு எங்கே போய் நின்றாலும் குற்றமில்லை. மரத்துக்குள் ஒயர் ஓடாது. அந்த நியாயத்தில்தான் அவர் காரையும் துளைத்திருந்தார். ஒரு திருகு ஒயரின் தோலை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டிலிருந்து துறைவரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, செம்பைத் தொட்டுவிட்டது. பலகை விளிம்பின் 'தடக்'கில் மறுபடியும் தொட்டது.

திருடன் அகப்பட்டான். அப்போது மூன்றாவது சங்கு ஊதியது.

"தள்ளுங்க" என்று பலகைக்காரர் ஆட்களுக்குக் கை காட்டினார். "வண்டியைக் கரைக்குத் தள்ளுங்க."

கண்டக்டர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். முதல்முறையாக அவரிடமிருந்து சத்தம் வரவில்லை.

டெஸ்டர் அக்கா கணவருக்கும் காருக்கும் நடுவே போய் நின்றாள். "கரைக்கு வேணாம். மேல தள்ளச் சொல்லுங்க."

"செத்த வண்டியைப் படகுல ஏத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் இது இறங்கலைன்னா பின்னாடி நிக்கிற ஒரு லாரியும் இறங்க முடியாது. அங்க இறங்கினதுமே மேடு, கையால தள்ள முடியாது. என் வேலை போயிடும்."

"செத்த வண்டி இல்ல. என்ன வியாதின்னு தெரிஞ்சுபோச்சு. அக்கரை வர்றதுக்குள்ள ஓட்டித் தர்றேன்."

"எப்படி? கரையிலேருந்து மந்திரம் போடுவியா?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"நானும் ஏறுறேன்."

பலகைக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துக் கைவிட்ட காரியம் அது. ஒரு நொடிக்குமேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை. "ஒரு வாளி எடுத்து வைங்கடா" என்று படகைப் பார்த்துக் கத்திவிட்டு, காரின் பின்னால் போய் முதல் ஆளாகத் தோளைக் கொடுத்தார்.

கண்டக்டருக்குக் குரல் திரும்பி வந்தது. "லாரிக்கார அண்ணே, நீங்க இந்தப் பக்கம். மஞ்சச் சட்டை, சும்மா நிக்காத, கையைப் போடு. எல்லாரும் ஒண்ணா. ரைட்... போகலாம்!" வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தை உள்ளே தள்ளிய குரல். கார் பலகைமேல் ஏறி, படகுக்குள் உருண்டு, முன்கோடியில் நின்றது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஏறின. பலகை கிறீச்சிட்டுத் தூக்கப்பட்டது. கரை விலகியது.

டெஸ்டர் அக்கா கரையைப் பார்க்கவில்லை. பேட்டரியின் முனையைக் கழற்றிவிட்டுப் பின் ஸீட்டுக்குள் புகுந்தாள். "ஸ்க்ரூவைக் கழட்டுங்கண்ணே."

தச்சர் அசட்டுத்தனமாக நின்றார். "தலை தெரியாதுக்கா. குழந்தை கையைக் கீறிடக் கூடாதேன்னு குழிச்சு உள்ளே இறக்கி, மேல மரக்கட்டை வச்சுப் பசை போட்டு அடைச்சுட்டேன். தேய்ச்சு பாலிஷும் போட்டாச்சு."

"உன் வேலைப்பாட்டை நான் தூக்கிக் கடலுல போட" என்றார் கண்டக்டர்.

உளியெல்லாம் வீட்டில். டெஸ்டர் அக்காவின் பையிலிருந்த பெரிய திருப்புளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு, தச்சர் தன் வேலையைத் தானே உடைத்தார். நன்றாகச் செய்திருந்தார், அதனால் சுலபத்தில் உடையவில்லை. ஒவ்வொரு அடைப்பும் சில்லுச் சில்லாகத் தெறித்தது.

படகு நடுநீருக்கு வந்து அலையில் ஏறி இறங்கியது. அவளுக்கு வாயில் உப்புநீர் ஊறியது. வாளி தயாராக இருந்தது. போனாள், குனிந்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். லாரிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "பரவால்லக்கா, இந்தத் தடவை படகு ஓடும்போதுதான் எடுத்திருக்கீங்க. முன்னேற்றம்தான்."

"சிரிக்க வைக்காதீங்க. மறுபடி வரும்."

கடைசித் திருகு வெளியே வந்தது. நுனியில் செம்பு மினுங்கியது. அதை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். சட்டத்தைத் தூக்கி, மெத்தையைத் தூக்கினார்கள். கீழே தகரத்தில் ஒயர்க் கற்றை. அதில் ஒன்றில் கருகிய வாய். கண்ணைத் தாழ்த்தி அருகில் பார்க்கும்போதெல்லாம் வயிறு மேலே வந்தது. தலையைத் தூக்கி மூச்சு வாங்கி, தாழ்த்தி வெட்டி, தூக்கி மூச்சு வாங்கி, தாழ்த்தி உரித்து முறுக்கினாள். டேப்பை இறுக்கிச் சுற்றினாள். பக்கத்து ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். காயமில்லை.

"சீக்கிரம்" என்று பலகைக்காரர் முன்னாலிருந்து சொன்னார். அக்கரை தெரிந்தது. மேலேறும் செம்மண் மேடு, ஒரு கொட்டகை. பின்னால் லாரிகள் எஞ்சினைக் கிளப்பின. கருப்புப் புகை படர்ந்தது.

பேட்டரியை மாட்டினாள். மறுபடியும் பல்பு வைத்துப் பார்த்தாள். மங்கலாக எரிந்தது, பம்ப் முனகியது. பல்பைப் பிடுங்கி, ரிலேயைத் திருப்பிப் போட்டு, அந்தக் கடைசி ஃபியூஸை உள்ளே அழுத்தினாள். அதற்குள் கண்டக்டர் மெத்தையைப் போட்டு, சட்டமில்லாமல் குழந்தை ஸீட்டை அதன்மேல் வைத்து, பெல்ட்டை அதன் முதுகு வழியே கோத்து, ஸீட்டுக்குள் முழங்காலை ஊன்றி, தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பூட்டினார். "ஆட்டிப் பாருய்யா" என்று கணவரிடம் சொன்னார். தச்சர் ஆட்டினார். இரண்டு கையாலும் ஆட்டினார். ஆடவில்லை.

படகு கரையைத் தொட்டுக் குலுங்கியது. பலகை இறங்கத் தொடங்கியது.

"அடிங்க" என்றாள்.

கி...ர்ர், கி...ர்ர். இழுத்து இழுத்துச் சுற்றியது. துறையில் அடித்த அடியில் பேட்டரி இளைத்துவிட்டிருந்தது. தச்சர் சாவியை விட்டார்.

"விடாதீங்க. இப்ப விடாதீங்க. இன்னும்."

கி...ர்ர். கி...ர்ர். பலகைக்காரர் நெம்புகோலைப் பிடித்தபடி திரும்பவேயில்லை. அவர் முதுகு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கி...ர்... ஒரு இருமல். இன்னொன்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

யாரும் கை தட்டவில்லை. முதல்முறை தட்டியதே போதும் என்று எல்லோருக்கும் பயம். கார் பலகையின் விளிம்பைத் தாண்டியது. தடக். எஞ்சின் ஓடியது. மேட்டில் ஏறியது, ஓடியது. வளைவில் மறைந்தது. டெஸ்டர் அக்கா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி நின்றாள், சத்தம் முழுசாகத் தேயும்வரை.

"இனி நம்ம கரைக்கு எப்படிப் போவ?" என்று கேட்டார் கணவர், லாரிகள் இறங்கியபின்.

"வந்த வழிதான். வேற வழி வச்சிருக்கீங்களா?"

படகு மாலைவரை அங்கேதான் நிற்கும். அவள் கொட்டகை நிழலில், அசையாத தரையில், காலை நீட்டி உட்கார்ந்தாள். அக்கரை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு கொட்டகையும் ஒரு மேடும்தான். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் போயிருக்குமோ, டேப் தாங்குமோ என்று அவள் மனதுக்குள் வேறு ஓட்டம். சும்மா முறுக்கிச் சுற்றியது அது. சூடு வைத்துப் பற்றவைத்தது அல்ல. அந்தப் பாதையில் எத்தனை குழி இருக்குமோ.

திரும்பும் படகுக்கு முதல் சங்கு ஊதியது. மேடு காலியாக இருந்தது. இரண்டாவதும் ஊதியது. பலகைக்காரர் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார். அவள் எழவில்லை.

சத்தம் முதலில் வந்தது. சீராக, தடங்கலில்லாமல். பிறகுதான் வளைவில் நீலம் தெரிந்தது. அவள் அதற்குமுன்பே எழுந்து நின்றுவிட்டாள்.

கார் மெதுவாக, மிக மெதுவாக, முட்டைகளை ஏற்றி வருவதுபோல் வந்தது. பின் ஸீட்டில் கண்டக்டர். அவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற ஸீட்டில், முயலின் காதை வாயில் வைத்துக்கொண்டு, யாரையும் நம்பாத கண்களோடு ஒரு குழந்தை.

"பஸ்ஸுல முதல் படியில கால் வச்சிருந்துதுக்கா" என்றார் கண்டக்டர். குரல் குழந்தைக்காகத் தாழ்ந்திருந்தது. அந்த அம்மாவால் அவ்வளவு தாழ்த்த முடியும் என்பது யாருக்கும் தெரியாது. "நான் கூப்பிட்டேன். நின்னுது."

"மேடம் ஸீட்டை ஆட்டினாங்களா?"

"ஆட்டினாங்க" என்றார் தச்சர். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

படகில் ஏறியதும் விதிப்படி எஞ்சினை அணைக்க வேண்டும். தச்சர் சாவியில் கை வைத்துவிட்டு, பின்ஜன்னலில் குனிந்து நின்ற டெஸ்டர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அணைத்தார். குழந்தை வாயிலிருந்து முயலை எடுத்தது. அவள் கொண்டையில் துருத்திக்கொண்டிருந்த கருப்புப் பிடியையும் தொங்கும் ஒயரையும் வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரு விரலை நீட்டி அதைத் தொட்டது.

"கடைசியா யாரு கை வச்சான்னு கேட்டா, இனி உன்னைத்தான் சொல்லணும்" என்றாள் டெஸ்டர் அக்கா.

மூன்றாவது சங்கு ஊதியது. பலகை எழுந்தது. அவள் காரின் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளியைத் தேடினாள்.